மூன்று பேருக்கு ஒரு கங்காணி

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனுக்குப் புதிதாக வந்திருக்கும் கண்டாக்கு ஒரு பெண்பிள்ளை. வெளிக்கள உத்தியோகத்தர் என்று அந்தப் பதவிக்கு இப்போது நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். தேயிலை மலைகளையும் கங்காணிமாரையும் கட்டி மேய்க்கிற வேலை என்னவோ அதே வேலைதான். போன மாதம் அந்தப் பிள்ளை எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னாலுள்ள மரக்கறித் தோட்டத்தைப் பார்க்க வந்தது. உருளைக்கிழங்குப் பாத்தி, போஞ்சிக் கொடி, லீக்ஸ், முட்டைக்கோவா, கொட்டிலில் மாடு எல்லாவற்றையும் நானே முன்னால் நடந்து காட்டினேன். அவித்த கிழங்கும் கட்டச் சம்பலும் கொடுத்தோம். சாப்பிட்டுக்கொண்டே கேட்டது:

"ஐயா, நீங்க முப்பது வருசத்துக்கு மேல கங்காணியா இருந்தவங்கன்னு சொன்னாங்க. எனக்குக் கீழ நாலு கங்காணி, நூத்துச் சொச்சம் ஆளுங்க. ஒருத்தரும் சொன்ன பேச்சுக் கேக்குறதில்ல. நீங்க வீட்டு ஆளுங்கள வச்சே இவ்வளவு வேலை வாங்கியிருக்கீங்களே, அது எப்படின்னு கொஞ்சம் எழுதித் தாங்களேன். எங்க பயிற்சி வகுப்புல வாசிக்கணும்."

குசினியில் ஏதோ மூடி விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. என் மனைவி மருதாயி. சிரிப்பை அடக்கினால் அவளுக்குக் கையில் உள்ளது நழுவிவிடும்.

"எழுதிக் குடுங்க கங்காணியாரே," என்றாள் உள்ளே இருந்து. "ஒண்ணும் விடாம எழுதிக் குடுங்க."

ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறேன். இதைப் பயிற்சி வகுப்பில் வாசிப்பதா, அடுப்பில் போடுவதா என்பது மிஸ்ஸின் பாடு.

பதினெட்டு வயதில் கவ்வாத்துக் கத்தி பிடித்து, தேயிலைச் செடிகளின் தலையை வெட்டத் தொடங்கினேன். ஏழாவது வருசம் அந்தக் கத்தி என் இடது காலில் இறங்கியது. காயம் ஆறியபோது மலையில் நின்று வெட்ட என்னால் முடியவில்லை, நின்று சத்தம் போட முடிந்தது. அதனால் கங்காணி ஆக்கினார்கள். என் பயிற்சிக் காலம் என்று சொல்வதற்கு இவ்வளவுதான் இருக்கிறது.

கொழுந்துக் கங்காணியின் நாள் காலை ஆறரைப் பெரட்டில் ஆரம்பமாகும். ஆட்களை ஓரிடத்தில் கூட்டி, பெயர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. மலைக்குப் போனதும் ஆளுக்கொரு நெரை, அதாவது ஒரு செடி வரிசை, பிடித்துக் கொடுக்க வேண்டும். கொழுந்து எடுக்கிற பெண் தனக்கு முன்னால் செடியின் மேல் ஒரு நீளக் கம்பைப் போட்டிருப்பாள். அது மட்டக்கம்பு. கம்புக்கு மேலே தலை நீட்டுகிற குருத்து கூடைக்கு, கீழே இருப்பது செடிக்கு. அவளுடைய இரண்டு கையும் செடியின் மேல் ஓடும், பிடி நிறைந்ததும் தலைக்கு மேலால் முதுகிலுள்ள கூடைக்குள் எறிவாள். இதையெல்லாம் அவள் பார்த்துச் செய்ய மாட்டாள். கண் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் இருக்கும், கை தன்பாட்டுக்குப் போகும்.

சாயந்தரம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கூடையைத் தராசில் தொங்கவிடுவோம். கூடைக்கு இவ்வளவு, இலையில் ஒட்டின தண்ணீருக்கு இவ்வளவு என்று கழித்து, சொன்ன எடை வந்தால் முழுப் பேர். வராவிட்டால் அரைப் பேர், அதாவது அரைநாள் வேலை. எங்கள் தோட்டத்தில் அந்தக் காலத்தில் நோயில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனவளுக்கும் இதே சட்டம்தான். நாள் முழுக்க மழையில் நின்ற ஒருத்தியை மத்தியானத்தோடு வீட்டுக்குப் போனவளாக மாற்ற எனக்கு ஒரு பென்சில் கோடு போதுமாக இருந்தது.

எனக்கு மேலே கண்டாக்கையா. அரைக் கால்சட்டை, முழங்கால் வரை காலுறை, கையில் குடை. வெயில் நாளிலும் குடை இருக்கும். மழை வந்தால் விரிக்க மாட்டார், அதை ஊன்றிக்கொண்டு நனைவார். அவர் வாய் திறந்து ஏசினால் நாங்கள் தப்பித்தோம். ஏசாமல் கூடைக்குள் கைவிட்டு, முற்றின இலை ஒன்றைத் தேடி எடுத்து, உள்ளங்கையில் வைத்து, இலையைப் பார்க்காமல் கங்காணியைப் பார்த்தாரென்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. அவர் பாராட்டுவதும் ஒரே வார்த்தைதான். "சரி" என்பார். என் காலம் முழுவதிலும் அவரிடம் மூன்று "சரி" வாங்கியிருக்கிறேன். அதில் ஒன்று நான் லீவு கேட்டபோது சொன்னது, அதைச் சேர்க்கக் கூடாது என்பாள் மருதாயி.

மூன்றாவது "சரி" கிடைத்த நாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அப்போது எங்களுக்குக் கலியாணமாகி ஆறு வருசம். மருதாயி என் ஆட்களுக்குள்ளேயே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நம்பர் மலையில் குளவி கலைந்துவிட்டது. எல்லாரும் ஓடினார்கள். பார்வதி என்று ஒருத்தி, புருசன் இல்லாதவள், இரண்டு பிள்ளைக்காரி. அவள் கால் தடுக்கி விழ, முகம் கழுத்தெல்லாம் கொட்டு. மருதாயி இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அவள் தலையில் போட்டு, தோளில் தாங்கி, றோட்டு வரை கொண்டுபோய் ஆஸ்பத்திரிக்கு லொறி ஏற்றிவிட்டாள். பிறகு திரும்பி வந்து கூடையை மாட்டிக்கொண்டாள். மற்றவர்களை நான் அடுத்த மலைக்கு மாற்றியிருந்தேன்.

சாயந்தரம் மடுவத்தில் மருதாயி இரண்டு கூடையோடு வந்தாள். ஒன்று அவளுடையது, ஒன்று பார்வதியுடையது. பார்வதியின் கூடையில் எடை சரியாக இருந்தது. மருதாயியின் கூடையில் குறைந்தது. ஏன் குறைந்தது என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் கண்டாக்கையா குடையை ஊன்றிக்கொண்டு, ஒன்றும் பேசாமல், என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அறுபது பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"குளவி கொட்டினவளுக்கே எடை வந்திருக்கு. உனக்கு மட்டும் என்ன?" என்று நான் கேட்டேன். கேட்டுவிட்டு அரைப் பேர் போட்டேன்.

மருதாயி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கூடையைத் தட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கண்டாக்கையா "சரி" என்றார்.

வீட்டில் என் தட்டில் பாதி ரொட்டி கிடந்தது. "மீதி எங்க?" என்றேன். "அரைப் பேருக்கு அரை ரொட்டிதான் வரும்," என்றாள். அதோடு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று நான் வைத்துக்கொண்டேன். சொந்தப் பெண்சாதிக்கே அரைப் பேர் போட்ட கங்காணி என்று தோட்டம் முழுக்கப் பேசினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

நான் பென்சன் ஆகி, மறு வருசம் மருதாயியும் வேலையிலிருந்து நின்ற பிறகுதான் அந்தக் கெட்ட காலம் வந்தது. எல்லாருக்கும் தெரிந்த காலம்தான். கேஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, உரம் இல்லை, மாவு இல்லை. மற்றவர்களுக்கு முன்னால் எனக்கு அது தெரிந்துவிட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். காரணம் மஸ்கெலியாக் கடைக்காரர். கோதுமை மாவைத் தலையில் கட்டி அனுப்புகிற மனுசன் ஒரு நாள், "ரெண்டு கிலோதான் கங்காணி, அதுக்கு மேல கேக்காதீங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகம்தான் எனக்குச் செய்தி சொன்னது.

அதே மாதம் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த எங்கள் மகன் குமார், கடையை மூடிவிட்டார்கள் என்று பெட்டியோடு வந்து இறங்கினான். கூடவே மருமகள் செல்வி. தலவாக்கலை டவுனில் பிறந்து வளர்ந்தவள், தேயிலைச் செடியை ரயில் ஜன்னலில் மட்டும் பார்த்தவள். அப்போது மூன்று மாசம் முழுகாமல் இருந்தாள்.

இருந்த மாவையெல்லாம் மருதாயி பெரிய பிஸ்கட் தகரம் ஒன்றில் கொட்டி, தகரத்தின் வெளியே கரிக்கட்டையால் கோடு போட்டாள். ஒவ்வொரு வாரமும் அந்தக் கோடு இறங்கும். தகரம் காலியாவதற்குள் மண்ணிலிருந்து ஏதாவது வந்தாக வேண்டும். வராவிட்டால் வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கொடுக்க வீட்டில் ஒன்றும் இருக்காது. எங்கள் விவசாயத் திட்டம் முழுவதும் அந்தத் தகரத்தில்தான் எழுதியிருந்தது.

லயத்துக்குப் பின்னால் தண்ணீர் விழுகிற பீலியடியில் தேயிலை செத்து, காடு பற்றிக் கிடந்த சரிவு ஒன்று இருந்தது. தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் போய்க் கேட்டேன். மரக்கறி போட்டுக்கொள்ளச் சொல்லி அனுமதி கொடுத்தார். இடம் கிடைத்தது, மாட்டெருவும் இருந்தது. விதைக் கிழங்குதான் எங்கேயும் இல்லை. ஹட்டன் முழுக்க அலைந்து வெறுங்கையோடு வந்தேன். "நான் பாக்குறேன்," என்று மருதாயி குமாரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸுக்கு எண்ணெய் இல்லாத நாட்கள். மூன்றாம் நாள்தான் திரும்பி வந்தார்கள். குமாரின் தோளில் ஒரு சாக்கு, அது நிறைய முளை விட்ட கிழங்கு.

"யாரு குடுத்தா?"

"பார்வதி. டயகமவுல மகளோட இருக்கா. கெழங்குத் தோட்டம் வச்சிருக்காங்க."

"சும்மாவா குடுத்தா? இந்தக் காலத்துலயா?"

"எனக்குக் குடுக்காம யாருக்குக் குடுப்பா?" என்றாள்.

ஒரு நாள் தோள் கொடுத்ததற்கு இத்தனை வருசம் கழித்து ஒரு சாக்குக் கிழங்கா, நல்ல மனசுக்காரிதான் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் கேட்கவில்லை. கங்காணிக்குச் சொல்லித்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு லயத்து வாசல் இஸ்தோப்பில் நின்று விசில் ஊதினேன். பக்கத்து வீட்டு நாய் இரண்டு ஓடி வந்தன. அதன் பிறகு என் குடும்பம் வந்தது. பேர் போடுகிற பழைய கொப்பியைத் திறந்தேன்.

"மருதாயி!"

"ஏன் இப்படிக் கத்துறீங்க? ரெண்டடி தள்ளித்தானே நிக்கிறேன்."

"பேர் கூப்பிட்டா வந்தேன்னு சொல்லணும். குமார்!"

"அப்பா, நாங்க மூணு பேருதானே. பாத்தாலே தெரியுமே."

"செல்வி!"

"வந்தேன் மாமா," என்றது அந்தப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் சொல்வதைப் போல. அதற்கு மட்டும் ஒரு நல்ல பெயர் போட்டேன்.

வேலையைப் பிரித்தேன். மருதாயி ஒண்ணாம் நம்பர் மலை, குமார் ரெண்டாம் நம்பர் மலை, செல்வி நர்சரி. ஒண்ணாம் நம்பர் மலையிலிருந்து துப்பினால் ரெண்டாம் நம்பரில் விழும். நர்சரி என்பது லீக்ஸ் விதை போட்ட இரண்டு ஓட்டைப் பேசன். நான் கையில் கம்போடு மேட்டில் நின்றேன். அறுபது பேரை மேய்த்த குரல் மூன்று பேர் மேல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. தேயிலை மலைக்கு வெட்டுவதைப் போலக் தண்ணீர் வடியக் குறுக்கே கான் வெட்டச் சொன்னேன். நான் சொன்னதில் உருப்பட்டது அது ஒன்றுதான். அந்த மழைக்கு மண் கரையாமல் நின்றது.

கிழங்கு முளைத்தது, போஞ்சி அவரைக்கொடியைப் போலக் கம்பில் ஏறி இடுப்பளவு வந்தது. ஒரு நாள் பார்க்கிறேன், போஞ்சிக் கொடிகளுக்குத் தலை இல்லை. ஒன்றுக்கும் இல்லை.

விசாரணையை ஆரம்பித்தேன். முள்ளம்பன்றியானால் வேரைத் தோண்டியிருக்கும். முயலுக்கு எட்டாது. மரை வந்திருந்தால் கம்பையே சாய்த்திருக்கும், குளம்படி இருக்கும். நத்தை என்றால் கோடு தெரியும். வெட்டுப்பட்ட குருத்து ஒன்றுகூடத் தரையில் இல்லை. அதைவிட, எல்லாக் கொடியும் ஒரே உயரத்தில் நின்றது. ஒரு மட்டக்கம்பை வைத்துப் பார்த்தால் பிசகாது. இவ்வளவு சுத்தமான வேலைக்காரக் கள்ளன் யார் என்று எனக்குள்ளே ஒரு மரியாதைகூட வந்தது.

அடுத்த நாள் பெரட்டு முடிந்ததும் போவதைப் போலப் போய், மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். மருதாயியும் செல்வியும் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போஞ்சி வரிசை வழியாக வந்தார்கள். மாவு வரிசையில் யாரோ யாரையோ தள்ளிவிட்ட கதையை மருதாயி கண்ணை உருட்டிச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவளுடைய கைகள் இரண்டும் கொடிகளின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு இலையும் ஒரு குருத்துமாக, ஒன்று தப்பவில்லை. பிடி நிறைந்ததும் தலைக்கு மேலால் பின்னால் எறிந்தாள். முதுகில் கூடை இல்லை. எறிந்ததெல்லாம் சரிவில் இறங்கிக் கொட்டிலுக்கு முன்னால் விழுந்தது. மாடு தயாராக நின்று ஒன்று விடாமல் தின்றது. அது பல நாளாக அந்த நேரத்துக்கு அங்கே காத்திருக்கிற மாடு என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"மருதாயி!" என்று எழுந்தேன். "உன் கையைப் பாரு!"

கையைப் பார்த்தாள். பிடி நிறையப் போஞ்சிக் குருத்து. "ஐயையோ," என்றாள். "இத நான் எப்பங்க கிள்ளினேன்?"

செல்வியின் கையிலும் கொஞ்சம் இருந்தது. "அத்த கிள்ளுறாங்க, போஞ்சிக்கு அப்படித்தான் செய்யணும் போலன்னு நானும் கிள்ளினேன் மாமா."

அந்த இடத்தில் நான் சிரித்திருக்க வேண்டும். நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம், இந்தக் கட்டுரையும் அதோடு முடிந்திருக்கும். நான் சட்டைப் பையிலிருந்து கொப்பியை எடுத்தேன். அவளுடைய முகத்துக்கு முன்னாலேயே அரைப் பேர் போட்டேன்.

மருதாயியின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே போய்விட்டது. கையிலிருந்த குருத்தை மாட்டிடம் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த நாள் விசில் ஊதினேன். நாய்கள் மட்டும் வந்தன. மூன்று பேரும் இஸ்தோப்பில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா, நாங்க வேலை நிறுத்தம்," என்றாள் செல்வி. மரியாதையாகத்தான் சொன்னாள்.

"என்ன வெளையாட்டு இது? இந்தக் கெழமைக்குள்ள கெழங்குக்கு மண் அணைக்கணும்."

"அணைங்களேன்," என்றாள் மருதாயி.

பாதி ரொட்டி தின்றுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். பன்னிரண்டு நெரை. கிழங்கு மண்ணை விட்டு எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. வெளியே தெரிந்தால் பச்சையாகிக் கசந்துபோகும், தின்ன முடியாது. மழை வேறு இறங்கிக்கொண்டிருந்தது. வெறும் கம்பைப் பிடித்த கைக்கு மண்வெட்டி எவ்வளவு கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மத்தியானத்துக்குள் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்தது. கீழே இஸ்தோப்பிலிருந்து மூன்று பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"நெரை கோணுது கங்காணியாரே!" இது மருதாயி.

"தண்ணி குடிக்கப் போனா பேர் வெட்டிருவாங்கப்பா!" இது குமார்.

"பேச்சக் கொறச்சு வேலையப் பாருங்க!" இது செல்வி. நான் ஒன்றும் பேசவே இல்லை. ஆனாலும் அது என்னுடைய வசனம்தான். எல்லாமே என்னுடைய வசனங்கள். இத்தனை வருசமும் அவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அவை எப்படி இருந்தன என்று அந்தச் சேற்றில் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் மூன்றாவது நெரையின் முடிவில் என் இடது கால் மடங்கிவிட்டது. அப்படியே சேற்றில் உட்கார்ந்தேன். ஒன்பது நெரை மிச்சம். காலையில் மாவுத் தகரத்தைப் பார்த்திருந்தேன், கோடு அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் நின்றது. எனக்குப் பயம் வந்துவிட்டது. கண்டாக்கையாவுக்குப் பயந்த பயம் வேறு. இது செல்வியின் வயிற்றை நினைத்து வந்த பயம். எழும்பி, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கீழே இறங்கினேன்.

"என்ன வேணும் உங்களுக்கு? சொல்லுங்க," என்றேன்.

செல்வி விரல் விட்டுச் சொன்னாள். "ஒண்ணு, விசில் ஊதக் கூடாது. ரெண்டு, நீங்களும் நெரை புடிக்கணும். மூணாவது அத்த சொல்லுவாங்க."

மருதாயி கிட்ட வந்தாள். என் கையைப் பிடித்துத் திருப்பிக் கொப்புளத்தைப் பார்த்தாள். பிறகு, "அந்தக் குளவி கலஞ்ச நாளு," என்றாள்.

"அத இன்னும் வச்சிருக்கியா? உன் எடை கொறஞ்சது. பார்வதியத் தூக்கிக்கிட்டுப் போன நேரம் போச்சு. எனக்குத் தெரியாமயா? கண்டாக்கையா நின்னாரு."

"உங்களுக்குத் தெரியாது. போன நேரத்த நான் ஓடி ஓடி எடுத்து ஈடு கட்டிட்டேன். என் கூடை நெறஞ்சிருந்திச்சு. பார்வதி கூடையிலதான் பாதிகூட இல்ல. என் கூடையில இருந்து அள்ளி அவ கூடையில போட்டேன். மொகம் வீங்கிக் கெடக்கிறவளுக்கு அரைப் பேரும் விழுந்தா அந்த ரெண்டு புள்ளையும் எதத் திங்கும்?"

மடுவத்தில் நான் சத்தம் போட்டுக் கேட்ட கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது. குளவி கொட்டினவளுக்கே எடை வந்திருக்கு, உனக்கு மட்டும் என்ன?

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

வாயைத் திறந்தேன். உனக்கு முழுப் பேர் போட்டிருப்பேன் என்று சொல்லத்தான் திறந்தேன். ஆனால் கண்ணுக்குள்ளே அந்தக் குடை ஊன்றி நின்றது. குமாரும் செல்வியும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவ பேரையும் வெட்டியிருப்பேன்," என்றேன்.

"தெரியும். அதான் சொல்லல," என்றாள் மருதாயி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

திரும்பிச் சரிவைப் பார்த்தேன். பன்னிரண்டு நெரைக் கிழங்கும் மழையில் நின்றது. அந்தச் சாக்கைப் பார்வதி ஏன் சும்மா கொடுத்தாள் என்று அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது. நான் போட்ட அரைப் பேர்தான் முளை விட்டு வந்து எங்கள் பட்டினிக்கு முன்னால் நிற்கிறது. முப்பது வருசம் நான் ஒழுங்காகப் பார்த்த வேலையில் என் வீட்டுக்கு மிஞ்சியது ஒன்றும் இல்லை. அவள் செய்த ஒரே ஒரு களவுதான் மிஞ்சியிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மழையில் தெரியாது என்று நினைத்தேன். தெரிந்துவிட்டது என்று செல்வி பிறகு சொன்னாள்.

கொப்பியை எடுத்து எழுதினேன். மருதாயி, ஒன்பதாம் நம்பர் மலை, குளவி கலைந்த நாள், முழுப் பேர்.

செல்வி எட்டிப் பார்த்தாள். "நாள் போடலியே மாமா."

"எனக்கு ஞாபகம் இல்லம்மா."

"எனக்கு இருக்கு," என்றாள் மருதாயி. "வெள்ளிக்கெழம. மறுநாள் சம்பளம்."

அதையும் எழுதினேன். கொப்பியை வாங்கித் தன் படங்குச் சாக்குக்குள் செருகிக்கொண்டாள். அது பிறகு என் கைக்குத் திரும்பி வரவில்லை. மூலையிலிருந்த இன்னொரு மண்வெட்டியை எடுத்தாள். "வாங்க. இருட்டுறதுக்குள்ள ரெண்டு பேருமா ரெண்டு நெரை பாத்துருவோம். குமாரு, நீ மேல இருந்து வா. செல்வி, நீ உக்காரு," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அறுபது பேரை வைத்து நான் நடத்திய பெரட்டு ஒன்றும் அவ்வளவு சுருக்கமாக முடிந்ததில்லை.

தகரத்தில் மாவு தீர்ந்தது, கிழங்கு இன்னும் வரவில்லை. நடுவில் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் எங்களைக் காப்பாற்றியது எது தெரியுமா? மருதாயி தலையைக் கிள்ளிய போஞ்சி. மேலே ஓட முடியாமல் பக்கத்தில் கிளை விட்டுப் புதராக மண்டி, கொஞ்சம் பிந்திக் காய்த்தது. பிந்தினதால்தான் அந்தப் பத்து நாளுக்கு அது மிஞ்சியிருந்தது. அதற்குப் போட்ட அரைப் பேரையும் திருத்தித் தரவா என்று கேட்டேன். "அது இருக்கட்டும். சண்ட புடிக்க ஒண்ணு வேணும்," என்றாள். பிறகு கிழங்கு கிண்டினோம். முதல் தோண்டலில் வந்ததை அவித்துச் செல்விக்குக் கொடுத்தோம். அவளுக்கு அப்போது ஏழாம் மாசம். நல்லதாகத் தேர்ந்து ஒரு சாக்கு விதைக்கென்று எடுத்து, டயகமவுக்கு நானே சுமந்துகொண்டு போனேன். பார்வதி என்னைப் பார்த்ததும், "கங்காணி, எடை சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். முகத்தில் அந்தக் குளவித் தழும்பு ஒன்று இன்னும் இருக்கிறது.

ஆகவே மிஸ், ஆட்களிடம் வேலை வாங்குவது எப்படி என்று எனக்குத் தெரியாது. அது தெரிந்த ஆள் அன்றைக்குக் குசினியில் மூடியைக் கீழே போட்டவள்தான். அடுத்த தரம் வந்தால் அங்கே போய்க் கேளுங்கள். நீங்கள் வந்த அன்று உங்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு நான் உள்ளே போனபோது, மருதாயியிடம் இருக்கிற கொப்பியில் என் பெயருக்கு நேரே அரைப் பேர் போட்டிருந்தது. கேட்டதற்கு, "பேசுறதுக்கெல்லாம் இங்க பேர் கெடையாது," என்று பதில் வந்தது.

இதை எழுதி முடித்து இன்று மத்தியானம் மருதாயிக்கு வாசித்துக் காட்டினேன். லீக்ஸ் கட்டிக்கொண்டே கேட்டாள். மாடு வந்த இடத்தில் சிரித்தாள், மடுவம் வந்த இடத்தில் கட்டுவதை நிறுத்தினாள். முடிந்த பிறகு லீக்ஸைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது.

"சரி," என்றாள்.

இது நாலாவது. முன்னால் வாங்கின மூன்றையும் யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடுவேன். அதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "நாளைக்கு லீக்ஸுக்கு மண் அணைக்கணும், நேரத்துக்கு எந்திரிங்க," என்று சொல்லிவிட்டுக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.